லேலண்டுக்கு ஒரு சைலன்சர்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நடுவில் வைத்து லேலண்ட் லொறியின் சைலன்சர் கழன்று விழுந்தபோது, டயர் வெடித்துவிட்டது என்றுதான் பிரதீஸ் முதலில் நினைத்தான். அடுத்த கணம் எஞ்சின் போட்ட சத்தத்தில் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த காகங்கள் மொத்தமாகக் கிளம்பின. பின்னால் வந்த ஓட்டோக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சிங்களத்தில் என்னவோ கத்தினார். பிரதீஸ் பாலத்தைத் தாண்டி ஓரங்கட்டுவதற்குள் அவனுடைய மச்சான் ரமேஸ் கதவைத் திறந்து குதித்துவிட்டான். ரோட்டில் உருண்டுகொண்டிருந்த அந்தத் துருப்பிடித்த உருளையைத் துரத்திப் பிடித்து, சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"போச்சுடா மச்சான்! ஓட்டை இல்லாத எடமே இல்ல இதுல. இனி நான் சொன்னதுதான் நடக்கப்போகுது!"

அவன் சொன்னது என்ன என்று பிரதீஸுக்கு நன்றாகத் தெரியும். ரமேஸ் ஒன்பது வருடம் கட்டாரில் ட்ரெய்லர் ஓட்டியவன். அங்கே அமெரிக்க லொறிகளின் முதுகில் இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்து நிற்கும் வெள்ளிப் புகைக்குழாய்களைப் பார்த்த நாளிலிருந்து, தன் லொறியிலும் அவை வேண்டும் என்று அவனுக்கு ஒரே ஆசை. போன வருடம் ஊருக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து, ஒரு தோட்டக் கம்பெனியின் முற்றத்தில் புல் முளைத்துக் கிடந்த இந்த 1971ஆம் ஆண்டு லேலண்ட் ஹெட்டையும் அதன் ட்ரெய்லரையும் வாங்கினார்கள். ட்ரெய்லரை இழுக்கும் முன்பாதியைத்தான் ஹெட் என்பார்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, பிரேக்கைப் புதுசாக்கி, பச்சைப் பெயின்ட் அடித்து, அன்று மாத்தளை ரோட்டில் ஒரு வெள்ளோட்டம் விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் சைலன்சர் விழுந்தது.

அன்று புதன்கிழமை. சனிக்கிழமை அந்த லொறி ஹேவாஹெட்டவுக்குப் போயே ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். ஹேவாஹெட்டவுக்கு மேலே, ஒரு தோட்டத்தின் ஆத்தோரப் பிரிவில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் எழுபத்திரண்டு குடும்பங்கள் இருந்தன. பெருமழையில் அவர்களுடைய பாலத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து கொழுந்து மூட்டை, அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர் எல்லாமே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கற்களின் மேல் நடந்துதான் அக்கரை போனது. மாசி மாதம் பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைக் கதிரையில் உட்கார வைத்து நாலு பேர் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தார்கள். ஊர் கூடி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் காசு சேர்த்து, புதுப் பாலத்துக்கு நாலு இரும்பு பீம்கள் செய்யக் கொடுத்தது. ஒவ்வொன்றும் முப்பத்துநாலு அடி. கெலிஓயாவில் ஒரு இரும்பு வேலைத்தளத்தில் அவை தயாராகிவிட்டன. ஆனால் கொண்டுபோக ஆள் இல்லை. இரண்டு புது லொறிகள் வந்து பார்த்தன. தோட்டத்துக்கு ஏறும் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருந்தது. அவற்றின் நீளத்துக்கு அதில் மடிய முடியவில்லை. திரும்பிப் போய்விட்டன. லேலண்டின் ஹெட் குட்டையானது. முன்சக்கரம் நன்றாக மடியும். "சனிக்கிழமை நாங்க கொண்டாறோம்" என்று தோட்டத் தலைவர் சின்னமுத்துவிடம் போனில் சொன்னவன் ரமேஸ்தான். அவன் பிறந்து வளர்ந்தது அந்த ஆத்தோரப் பிரிவில். அவன் அம்மா நல்லம்மா இன்னமும் அக்கரையில்தான் இருந்தாள். அவளுடைய மகள் கலாராணியைத்தான் பிரதீஸ் கட்டியிருந்தான்.

பேராதெனியவைத் தாண்டி, ரோட்டில் போன அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, கெலிஓயாவில் ஹபீலின் கராஜுக்குள் லொறியை விட்டார்கள். ஹபீல் வெல்டிங் வேலையில் கெட்டிக்காரர். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய்.

"பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிச்சு. ஏதோ ஹெலிகொப்டர் எறங்குதாக்கும்னு நெனச்சேன்" என்றார்.

ரமேஸ் போனை நீட்டினான். கொழும்பில் ஒருவரிடம் இருந்த குழாய்களின் படம். எட்டடி உயரம், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு, உச்சியில் சாய்வாக வெட்டிய வாய்.

"ரெண்டு பக்கமும் நட்டுருவோம் நானா. நம்ம ஹெட் லயத்துப் பக்கம் ஏறி வர்றப்போ, அக்கரையிலேர்ந்து பார்க்கிற சனத்துக்கு முதல்ல அந்தக் கொழாய்தான் தெரியணும்!"

பிரதீஸுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. படத்தைப் பார்த்தபோது அவனுக்கும் நெஞ்சு குறுகுறுத்தது. ஆனால் ஓட்டப்போகிறவன் அவன். அந்த வளைவை இரண்டு முறை நடந்து அளந்து வந்தவனும் அவன்தான். ட்ரெய்லரின் நீளம் இருபத்தெட்டு அடி. பீமைப் பின்னால் அதிகம் நீட்டினால் வளைவில் மண்மேட்டில் குத்தும். அதனால் மூன்று அடியாவது முன்பக்கமாக, ஹெட்டின் முதுகுக்கு மேலே நீட்டி வைத்தாக வேண்டும். லொறி மடியும்போது அந்த முனை எங்கே வரும்?

"மச்சான், வாங்குறதுக்கு முன்னாடி ஒருதரம் மடிச்சுப் பார்ப்போம்" என்றான்.

கராஜுக்குப் பக்கத்தில் வெறும் வளவு ஒன்று இருந்தது. ட்ரெய்லரில் இரண்டு மூங்கில்களைப் பீமின் நீளத்துக்கு வைத்துக் கட்டினார்கள். ஹபீல் உள்ளேயிருந்து கராஜ் கூட்டும் தும்புத்தடியைக் கொண்டுவந்து, குழாய் நிற்க வேண்டிய இடத்தில், கெபினின் பின்மூலையில், தும்பு மேலே இருக்கும்படி செங்குத்தாகக் கம்பியால் கட்டினார். பார்ப்பதற்கு லொறி தலை சீவாமல் வந்ததுபோல் இருந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

பிரதீஸ் முதலாம் கியரில் மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை முழுசாக மடித்தான். பாதி வட்டம் போனதும் முதுகுக்குப் பின்னால் 'படக்' என்றது. இறங்கிப் பார்த்தான். மூங்கில் முனை தும்புத்தடியை இரண்டாக முறித்துப் போட்டிருந்தது.

ரமேஸ் கீழே கிடந்த பாதித் தடியை எடுத்து, அதன் முனையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிரதீஸுக்கு அவனை நிமிர்ந்து பார்க்கவே சங்கடமாக இருந்தது. பிறகு ரமேஸ் தடியை ஹபீலின் கையில் கொடுத்தான்.

"கொழாயா இருந்தா பீம் நசுக்கியிருக்கும். இல்லாட்டி பீமே கெபினுக்குள்ள வந்திருக்கும். கீழயே போடுங்க நானா. சட்டத்துக்கு அடியிலயே போடுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். "உங்க தும்புத்தடிக்கு நான்தான் பொறுப்பு."

அடியில் போடுவது என்று முடிவானதும் வேலை சூடு பிடித்தது. ஹபீலிடம் பஸ் சைலன்சர் ஒன்று இருந்தது. வியாழக்கிழமை காலையில் அதையே மாட்டினார்கள். சத்தம் பூனை போல் அடங்கிவிட்டது. மூவருக்கும் ஒரே சந்தோசம். ட்ரெய்லரில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவ ஏற்றத்தில் சோதித்துப் பார்க்கப் போனார்கள். மாவனெல்லைப் பக்கம் இறங்கித் திரும்பி ஏறினார்கள். பாதி ஏற்றத்தில் லொறி இழுக்கவில்லை. பிரதீஸ் கியரைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. கடைசியில் ஒரு கடையோரம் நிறுத்தி, எஞ்சின் ஆறும் வரை மூவரும் சோளம் வாங்கித் தின்றுகொண்டு நின்றார்கள்.

"இதுக்கு மூச்சு முட்டுது" என்றார் ஹபீல். "உள்ளுக்கு இழுக்கிற காத்த வெளிய விட எடம் இல்ல. பஸ் எஞ்சின் சின்னது, அதுக்கு இந்தக் கொழல் போதும். இது கெழட்டு யானை. நாளைக்கு நீங்க அலவத்துகொடைக்குப் போங்க. தாத்தாக்கிட்டக் கேளுங்க. அவக்கிட்ட இல்லாட்டி இந்த நாட்டுலயே இல்ல."

ஹபீல் வீட்டுப் பேச்சில் நானா என்றால் அண்ணன், தாத்தா என்றால் அக்கா. ஹபீலின் அக்கா ஸுமைரா, அலவத்துகொடையில் பழைய கனரக வாகனங்களின் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும்போதே இருவரும் போய் நின்றார்கள். உள்ளே கூரை வரைக்கும் இரும்பு. நடுவில் ஒரு மேசை, அதில் மூக்குக்கண்ணாடியோடு ஸுமைரா.

"எஞ்சின் எத்தின லீற்றர்?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு."

"புகை வெளிய வாற மனிபோல்ட் வாய் எத்தின இஞ்சு?"

"நாலு இருக்கும்" என்றான் ரமேஸ்.

"இருக்கும்னு செல்றீங்க. அளந்தீங்களா?"

"அளந்தேங்க்கா" என்று பிரதீஸ் பொக்கட்டிலிருந்து கடதாசியை எடுத்தான். நாலு இஞ்சு, நாலு போல்ட் ஓட்டை, ஓட்டைக்கு ஓட்டை தூரம், சட்டத்துக்கும் ரோட்டுக்கும் இடைவெளி, காற்று பிரேக் குழாய் போகும் பக்கம் எல்லாவற்றையும் படமாக வரைந்திருந்தான். ஸுமைரா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அதை இரண்டு தரம் பார்த்தாள்.

"இப்பிடி ஒரு கடதாசியோட இந்தக் கடைக்கு யாருமே வந்ததில்ல. வாங்க."

பின்கட்டில், தார்ப்பாய்க்குக் கீழே மூன்று சைலன்சர்கள் கிடந்தன. முதலாவது நீளம் கூட, சக்கரத்தில் முட்டும் என்று அவளே ஒதுக்கினாள். இரண்டாவது பார்க்கப் புத்தம்புதிது. ரமேஸ் ஆசையோடு குனிந்தான். ஸுமைரா அதைக் காலால் லேசாக உருட்டினாள். உள்ளே கலகலவென்று ஏதோ புரண்டது. "உள்தட்டு கழண்டு ஈக்கி. பெயின்டப் பார்த்து ஏமாறக்கூடா" என்றாள். மூன்றாவது பருமனாக, சாம்பல் நிறத்தில், கொஞ்சம் நெளிந்து கிடந்தது. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் ஜெனரேட்டரில் இருந்ததாம். அவள் தன் போனின் லைட்டைப் போட்டு ஒரு முனையில் பிடித்தாள்.

"அங்கால போய்ப் பாருங்க."

பிரதீஸ் மண்டியிட்டு மறுமுனையில் கண் வைத்தான். நேரான குழல். அதன் சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். கடைசியில் முழு வட்டமாக வெளிச்சம். எங்கேயும் ஒரு அடைப்பு இல்லை. அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"மச்சான், இங்க வந்து பாரு! ஏறலாம்டா. இதப் போட்டா எந்த மலையும் ஏறலாம்!"

ஸுமைரா அதோடு விடவில்லை. எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே போடுவதற்கு, உள்ளே எஃகுப் பின்னல் வைத்த நெளிகுழாய் ஒன்றைத் தேடி எடுத்தாள். "எஞ்சின் ஆடும், சட்டம் ஆடாது. நடுவுல இது வளைஞ்சு குடுக்கணும். இல்லாட்டி ஒரு கெழமையில வெடிச்சுரும். ஹபீல் நேர்க்கொழாய வெச்சு ஒட்டுறேன்னு செல்வான், விட்டுராதீங்க." மூட்டுகளில் கசியாமல் வைக்க நாலு இஞ்சு கேஸ்கட் இரண்டு, செம்பு நட்டுகள் எட்டு. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கொடுத்தவள், எங்கே போகிற லொறி என்று அப்போதுதான் கேட்டாள். ரமேஸ் பாலத்தைப் பற்றிச் சொன்னான். கதிரையில் தூக்கிப்போன பெண்ணைப் பற்றியும் சொன்னான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஜும்மா தொழுகைக்குப் பொறகு நானும் வாறேன். அவன் ஒழுங்காப் பூட்டுறானான்னு பார்க்கணும்."

வந்தும்விட்டாள். பிற்பகல் இரண்டரைக்கு ஹபீலின் கராஜில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். ஹபீலும் பிரதீஸும் லொறிக்கு அடியில். பற்றரி வயரைக் கழற்றி, டீசல் டாங்கிக்கு ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். மனிபோல்ட் வாயில், எஞ்சினைப் பிரித்தபோதும் கழற்றாமல் விட்ட நாலு நட்டிலும் ஐம்பது வருடத் துரு. காஸ் நெருப்பில் சிவக்கச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, ஸ்பேனருக்கு நீளக் குழாய் போட்டு அழுத்தினார்கள். முதல் நட் கிறீச்சென்று கழன்றது. ரமேஸ் கை தட்டினான். இரண்டாவது, மூன்றாவதும் வந்தன. நாலாவதில் நட் ஏறியிருந்த ஸ்டட் கம்பியே முறிந்து போயிற்று. வெளியே கால் இஞ்சுதான் நீட்டிக்கொண்டிருந்தது.

பிரதீஸ் லைட்டை அதன் மேல் பிடித்தான். "இனி மனிபோல்ட்டையே கழட்டணுமா நானா? நாளைக்குக் காலையில..."

"பொறுங்க." ஹபீல் ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். முறிந்த துண்டின் மேல் ஒரு புது நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள்ளேயே வெல்டிங் வைத்து இரண்டையும் ஒன்றாக ஒட்டினார். சிவப்பு மாறும் வரை காத்திருந்து, ஸ்பேனரைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார். இம்மியளவு அசைந்தது. இன்னும் ஒரு இம்மி. அப்புறம் பல் பிடுங்கினாற்போல முழுசாக வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்ற சத்தம் கதிரைப் பக்கமிருந்துதான் முதலில் வந்தது.

அதன்பிறகு எல்லாம் கைக்கு வந்தது. பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, முகத்தைத் துடைத்து, புதியதை வைத்து, நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். நெளிகுழாய் ஏறியது. சைலன்சரை மூன்று இடத்தில் தொங்கவிட்டார்கள். பழைய டயரிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டுகள்தான் கொக்கிகளுக்கு நடுவே. பிரேக் குழாயிலிருந்து அது ஒரு சாண் தள்ளி நிற்கிறதா என்று பிரதீஸ் தன் கையாலேயே அளந்தான். கடைசிக் குழலை வலப்பக்கம், பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியே விட்டார்கள்.

ஐந்தரை மணிக்கு பிரதீஸ் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி எழுந்தது. சத்தம் கீழேயிருந்து, ஆழத்திலிருந்து, சீராக வந்தது. ஹபீல் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வொரு மூட்டிலும் தடவினார். எங்கேயும் குமிழி இல்லை.

"பாருங்க, வயசான மனுசன் நல்லாத் தூங்கி எழும்பினாப் போல ஈக்கி" என்றாள் ஸுமைரா.

சனிக்கிழமை விடிந்ததும் முதல் இரண்டு பீம்களோடு புறப்பட்டார்கள். கண்டி டவுனில் கடைகள் திறக்கும் முன்பே ஏரிக்கரையைச் சுற்றிப் போய்விட்டார்கள். தலாத்துஓயா கழிந்து ஏற்றம் தொடங்கியதும் பிரதீஸின் கண் முள்ளில்தான் இருந்தது. முள் நடுவிலேயே நின்றது. மாரஸ்ஸனவிலும் நடுவில்தான். கண்ணாடியில் புகையே இல்லை. லொறி இழுத்த இழுப்பில் அவனுக்குப் பாட வேண்டும் போலிருந்தது. பாடவும் செய்தான். ரமேஸ் கதவில் தாளம் போட்டான்.

தோட்டத்துப் பாதையில் அந்த வளைவு வந்தது. இடப்பக்கம் மண்மேடு, வலப்பக்கம் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ரமேஸ் இறங்கிப் பின்னால் போனான். பிரதீஸ் ஜன்னலைத் திறந்தான். ஸ்டியரிங்கை முழுசாக மடித்து அங்குலம் அங்குலமாக விட்டான். பீமின் முனை அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் மெல்ல நகர்ந்து வந்தது. அகலமாகிக்கொண்டே வந்தது. இரண்டு விரல் தூரம். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"நில்லு! நில்லு மச்சான்!"

பிரேக்கை மிதித்தான். பின்னாலிருந்து ரமேஸின் குரல் தெளிவாகக் கேட்டது. "பின்சக்கரம் கரையில நிக்குது. ஒரு முழம் பின்னுக்கு எடு. ஒரு முழம்தான்!"

எடுத்தான். கல் ஒன்று கழன்று சரிவில் உருண்டு போவது கேட்டது. அதுகூடக் கேட்டது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் போட்ட சத்தத்தோடு வந்திருந்தால் பத்தடியில் நின்று கத்தினாலும் காதில் விழுந்திருக்காது என்ற நினைப்பு ஒரு கணம் வந்து அவனை உலுக்கியது. அதை ஒதுக்கிவிட்டு மறுபடியும் மடித்தான்.

"இப்ப வா! வா வா வா... வந்துட்டடா! வந்துட்ட!"

ட்ரெய்லரின் கடைசிச் சக்கரம் வளைவைத் தாண்டியபோது ரமேஸ் ரோட்டிலேயே குதித்து ஆடிக்கொண்டிருந்தான். பிரதீஸ் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்து ஒரு நிமிடம் அப்படியே இருந்தான். பிறகு சிரிப்பு வந்தது.

பத்தரைக்கு ஆற்றங்கரை. இக்கரையில் தலைவர் சின்னமுத்து மாலையோடு நின்றார். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கடைசியில் அதை லொறியின் கண்ணாடியில் மாட்டினார். பட்டாசு வெடித்தது. அக்கரையில் பாறை மேலெல்லாம் ஆட்கள். கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் அப்படியே நின்று கையசைத்தார்கள். கூட்டத்துக்கு முன்னால், தண்ணீர் காலை நனைக்கும் அளவுக்கு இறங்கி வந்து, நல்லம்மா நின்றாள்.

"அம்மா!" ரமேஸ் கரைக்கு ஓடினான். "பீம் வந்துருச்சும்மா! ரெண்டு இப்ப, ரெண்டு நாளைக்கு!"

அவள் கையைக் காதில் குவித்தாள். ஆற்றின் இரைச்சலில் பாதிதான் போய்ச் சேர்ந்தது போலும்.

ரமேஸ் திரும்பி வந்து கெபினுக்குள் ஏறினான். "மச்சான், ஒருதரம் முறுக்கு. எங்கம்மா கேக்கட்டும். வெள்ளிக் கொழாயும் இல்ல, ஒண்ணும் இல்ல, சத்தத்தையாவது கேக்கட்டும்."

பிரதீஸ் எக்ஸிலேட்டரை மிதித்தான். லொறி ஆழத்தில் உறுமியது. கெபின் அதிர்ந்தது. ரமேஸ் ஜன்னலால் பாதி உடம்பை வெளியே நீட்டி, "கேக்குதாம்மா?" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

நல்லம்மா மறுபடியும் கையைக் குவித்தாள். பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ கேட்டாள். பிறகு ஆற்றுக்கு மேலாக அவள் குரல் வந்தது.

"ஒண்ணுமே கேக்கலடா! வண்டி நின்னு போச்சா?"

இக்கரையில் கூட்டம் முழுக்கச் சிரித்தது. சின்னமுத்து சிரித்ததில் இருமலே வந்துவிட்டது. ரமேஸ் உடம்பை ஜன்னலுக்குள் இழுத்துக்கொண்டான். அப்புறம் சீற்றில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தான்.

"எறங்கு மச்சான்" என்றான் பிரதீஸ், அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி. "பீம எறக்கணும். அவங்க கயித்தோட காத்துக்கிட்டு நிக்கிறாங்க."